மூன்றாம் பிரதி

சான் கலிஸ்தோ கோட்டை,
கார்த்தஹேனாவுக்கு மேற்கே,
1743 ஜூன் 9

மென்சியா,

நலம் விசாரித்து ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று தண்ணீர் பிடிக்க ஒதுங்கிய கப்பலின் தலைவன் என் மேசையில் உட்கார்ந்து, என் ஆமைக்கறியைத் தின்றுகொண்டே சொன்னான்: "கர்மோனாவுல உங்க பொண்ணு கல்யாணம் அமர்க்களமா நடந்துச்சாமே, தோன் ஃபத்ரீகே. சம்பந்தி வீட்டு எண்ணெய் செவில் வரைக்கும் போகுதாமே." ரொட்டியைப் பிட்ட கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். சொந்த மகளின் கல்யாணத்தை ஊர் பேர் தெரியாத ஒருவன் வாயால் கேட்க வேண்டியதாயிற்று.

பிரியாந்தா கார்கமோ வீட்டுப் பெண். எங்கள் முன்னோர் கிரனாதா முற்றுகையில் மன்னருக்குப் பக்கத்தில் குதிரையில் நின்றவர்கள். அந்த வீட்டுப் பெண்ணை எண்ணெய் வியாபாரியின் மகனுக்குக் கொடுத்திருக்கிறாய். அந்தக் கிரிசாந்தோவின் அப்பன் கழுதை மேல் தோல்பை கட்டித் தெருத்தெருவாகக் கூவி விற்றதை நானே பார்த்திருக்கிறேன். நம் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறான்.

அப்பாவின் வீடும் ஒலிவத் தோப்புகளும் மூத்தவர் என்று அண்ணன் சாஞ்சோவுக்குப் போயின. எனக்கு வந்தது பெயர் ஒன்றுதான். அதைக் காப்பாற்றத்தான் முதலில் ஓரான் போரிலும் பிறகு இத்தாலியிலும் கிடந்தேன். இப்போது ஐந்தாண்டுப் பணிக்கு இந்தக் காய்ச்சல் பிடித்த அமெரிக்கக் கரையில் கோட்டைத் தலைவன் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் இங்கே காத்துக்கொண்டிருந்ததை நீ அங்கே விட்டுக் கொடுத்துவிட்டாய்.

பிரியாந்தா பொறுக்கட்டும், நல்ல இடம் ஒன்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்று போன ஆண்டே எழுதினேன். மூன்று பிரதி எழுதி மூன்று கப்பலில் போட்டேன். இந்தப் போர்க்காலத்தில் வேறு எப்படி எழுதுவது? ஒன்றை ஆங்கிலேயன் பிடிப்பான், ஒன்றைக் கடல் விழுங்கும், ஒன்றாவது போய்ச் சேரும். சேர்ந்திருக்கும். படித்துவிட்டுத்தான் உன் இஷ்டத்துக்குச் செய்திருக்கிறாய்.

ஃபத்ரீகே


கர்மோனா,
1743 டிசம்பர் 2

கோட்டைத் தலைவர் தோன் ஃபத்ரீகே அவர்களுக்கு,

போன ஆண்டு எழுதியதாகச் சொல்கிற உங்கள் மூன்று பிரதியில் ஒன்றுகூட வரவில்லை. கல்யாணச் செய்தியை நானும் எழுதினேன். ஒரே பிரதிதான். அதுவும் வரவில்லை என்றால் மீன்கள் படித்திருக்கும். நான் எதையும் ஒரு தடவைதான் எழுதுவேன். மனதில் இருப்பதை மூன்று தடவை எழுத எனக்கு வராது. மூன்றாவது தடவை எழுதும்போது பொய் எது என்று எனக்கே தெரிந்துவிடும்.

சரி, கேளுங்கள். பிரியாந்தாவுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. பெண் கேட்டு வந்த பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, சாக்லேட் குடித்துவிட்டுப் போனார்கள். உங்கள் அண்ணனிடம் யோசனை கேட்டேன். "கன்னியர் மடத்துல சேத்துடு மென்சியா, கௌரவமாவும் இருக்கும், செலவும் கம்மி" என்றார். மகளைப் பெற்றவள் கேட்கிற பேச்சா அது? போன ஆண்டுக் கோடையில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது செவிலுக்குக் குதிரையில் போய் வைத்தியரைக் கூட்டி வந்தவன் கிரிசாந்தோ. பிறகு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, அவங்கள மட்டும் குடுங்க" என்றான். கொடுத்தேன். இன்னொரு தடவை கேட்டாலும் கொடுப்பேன்.

கிரனாதாவில் குதிரையில் நின்றவர்கள் யாரும் இங்கே வந்து வைத்தியரைக் கூப்பிடவில்லை.

பெயர் பெயர் என்கிறீர்கள். பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெயரோடு அந்தக் கோட்டையிலேயே இருங்கள். இங்கே உங்களுக்காக யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. நீங்கள் இல்லாத வீடு எங்களுக்குப் பழகிவிட்டது.

மென்சியா


சான் கலிஸ்தோ,
1744 மே 14

தோன்யா மென்சியா,

கடிதம் கிடைத்தது. கடைசி வரிகளைப் பலமுறை படித்தேன்.

அடுத்த ஆண்டு என் பணிக்காலம் முடிந்து எனக்குப் பதிலாக வேறொருவர் வர வேண்டும். அவர் வர வேண்டாம். இன்னும் ஐந்தாண்டு இதே கோட்டையில் சேவை செய்ய அருள்கூர வேண்டும் என்று மன்னருக்கு மனு எழுதிவிட்டேன். இந்தக் கரையை வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவன் ராஜ்ஜியத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுக்க மாட்டார்கள். மூன்று பிரதிகள் எழுதியாயிற்று. முதலாவது இன்று இதே கப்பலில் போகிறது.

வாசலைப் பார்க்கிற வேலை இனி உனக்கு இல்லை.

ஃபத்ரீகே தெ கார்கமோ


கர்மோனா,
1744 ஜூன் 20

ஃபத்ரீகே,

என் கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. கோபத்தில் எழுதாமல் இருக்கிறீர்களா, எழுதியது கடலில் இருக்கிறதா என்று தெரியவில்லை. பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

பிரியாந்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் பிறந்தான். கிரிசாந்தோ கதவுக்கு வெளியே மண்டியிட்டு ஜெபமாலையைத் தப்புத் தப்பாக உருட்டிக்கொண்டிருந்தான். பெயர் வைக்கிற நேரத்தில், உங்களுக்குப் பிடிக்காத அந்த எண்ணெய்க்காரக் கிழவர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க வீட்டுப் பேரு வேண்டாம்மா. மருமகளோட அப்பா பேர வைங்க. மனுசன் கடல் தாண்டிக் கெடக்காரு, பேராவது வீட்டுல இருக்கட்டும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது இங்கே ஒரு ஃபத்ரீகே இருக்கிறான். உங்களைப் போலவே பசித்தால் வீட்டை இரண்டாக்குகிறான்.

வாசலை யாரும் பார்க்கவில்லை என்று எழுதியது பொய். காலையில் வேலைக்காரி வாசல் பெருக்க வருவாள். நான் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு, கொல்லையைப் பெருக்கப் போய்விடுவாள். அவளுக்கும் பழகிவிட்டது. உங்களுக்கு வலிக்க வேண்டும் என்றே எழுதினேன். வலித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டு முடிகிறதல்லவா? முடிந்ததும் வந்துவிடுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

மென்சியா


சான் கலிஸ்தோ,
1744 நவம்பர் 3

மென்சியா, என் கண்ணே,

உன் கடிதத்தை மதிற்சுவர் மேல் நின்று படித்தேன். காவலுக்கு நின்ற வீரர்கள் பார்ப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை. குழந்தைக்கு என் பெயரை வைக்கச் சொன்னது அந்தக் கிழவரா? அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை, ஆனால் சொல்ல வேண்டும்.

மே மாதம் நான் எழுதிய கடிதம் ஒன்று எப்போதாவது வந்தால், படிக்காமல் அடுப்பில் போடு. அதற்கு வேறு பிரதி எடுக்கவில்லை, அது போன கப்பலை ஆங்கிலேயன் பிடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆங்கிலேயனுக்கு நன்றி சொன்னேன். அந்தக் கோபத்திலேயே மாட்ரிட்டுக்கும் ஒரு முட்டாள்தனம் எழுதினேன். என்ன என்று கேட்காதே, வெட்கமாக இருக்கிறது. அதன் முதல் பிரதியும் அதே கப்பலில்தான் போனது. இரண்டாவது, கார்த்தஹேனா துறைமுகத்தில் தபால் பையில் கிடந்தது. உன் கடிதம் வந்த கையோடு சார்ஜென்ட் ஓர்துன்யோவைக் கூட்டிக்கொண்டு படகில் போய் நானே திரும்ப வாங்கிக் கிழித்தேன். மூன்றாவதை ஒரு பழைய தபால் படகில் ஹவானா வழியாக அனுப்பியிருந்தேன். அது புயலில் போய்விட்டது, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை என்கிறார்கள். செத்தவர்களுக்காகப் பூசை வைக்கச் சொன்னேன். மனதுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. கடவுள் மன்னிக்கட்டும்.

திரும்பி வரும் வழியில் ஓர்துன்யோ துடுப்புப் போட்டுக்கொண்டே நச்சரித்தான்.

"ஐயா, அந்தப் படகு மூழ்குனத யாரு பாத்தா? மாட்ரிட்டுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுருங்க. மனசு மாறிட்டேன், அத விட்டுருங்கன்னு."

"போய்ச் சேராத மனுவ வாபஸ் வாங்கச் சொல்றியா? நானே போய் என் முட்டாள்தனத்த அரண்மனையில தண்டோரா போடணுமா?"

"ஒரு வரிதான ஐயா."

"கார்கமோ வீட்டுல எவனும் மன்னர்கிட்ட மனசு மாறிட்டேன்னு எழுதினதில்ல."

"அப்ப சரிங்க. எனக்குப் பேரும் இல்ல, எழுதவும் தெரியாது. எனக்கு என்ன தெரியும்" என்று துடுப்பை வேகமாக இழுத்தான். இப்படிப் பேச அவனுக்கு மட்டும்தான் இங்கே தைரியம் உண்டு.

அதெல்லாம் போகட்டும். அடுத்த ஆண்டுக் கடைசியில் எனக்குப் பதிலாக வருபவர் வந்துவிடுவார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு அதே கப்பலில் ஏறுவேன். பெட்டியை இப்போதே துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் ஃபத்ரீகே


கர்மோனா,
1745 மார்ச் 11

ஃபத்ரீகே,

உங்கள் மே மாதக் கடிதம் வரவில்லை. வந்தால் அடுப்பில் போடுகிறேன். மாட்ரிட்டுக்கு என்ன எழுதினீர்கள்? யாரையாவது வாள் சண்டைக்குக் கூப்பிட்டீர்களா? இந்த வயதில் யாரும் வர மாட்டார்கள் என்று உங்களிடம் யார் சொல்வது?

உங்கள் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜன்னலோரம் உங்கள் நாற்காலியைப் போட்டு, புதுத் தோல் தைக்கச் சொல்லியிருக்கிறேன். சம்பந்தி ஒரு ஜாடி நிறைய ஒலிவங்காய் ஊறப்போட்டு, "தோன் ஃபத்ரீகே வர்றப்ப பதமா இருக்கும்" என்று அவர் கையாலேயே மூடி கட்டினார். யாரையும் தொட விடுவதில்லை. சின்ன ஃபத்ரீகே எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறான், அந்த ஜாடியைத்தான் முதலில் பிடித்தான்.

எனக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. கடிதங்களைக் கிரிசாந்தோதான் படித்துக் காட்டுகிறான். 'என் கண்ணே' என்று நீங்கள் எழுதிய இடத்தில் அவன் இருமிவிட்டுத் தாண்டிப் போனான். நான் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நானே படித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு தோன்யா யுர்ராக்கா கேட்டாள், "என்ன மென்சியா, இப்பல்லாம் வாசலத் தாண்டித் தெருக்கோடி வரைக்கும் வந்து நிக்கிற?" பழக்கப்படுத்திக்கொள்கிறேன் என்றேன். வாருங்கள்.

மென்சியா


கர்மோனா,
1745 ஜூலை 28

தோன் ஃபத்ரீகே,

மாட்ரிட் அரசவையில் இருக்கிற உங்கள் அண்ணன் வாழ்த்து எழுதியிருக்கிறார். கிரிசாந்தோ கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். நடுவில் குரல் இறங்கியது. "அத்தை, இத நீங்க தனியா கேக்குறது நல்லது" என்றான். படி என்றேன். படித்தான்.

உங்கள் மனு மன்னர் கைக்குப் போய்விட்டதாம். தபால் படகு மூழ்கவில்லை. பாய்மரம் ஒடிந்து, காற்று இழுத்த பக்கமெல்லாம் போய், கனாரித் தீவுகளில் ஒதுங்கியிருக்கிறது. நனைந்த பைகளை அங்கே வெயிலில் காயவைத்து, கிடைத்த கப்பலில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கோட்டைத் தலைவர் தோன் ஃபத்ரீகே தெ கார்கமோ தாமே விரும்பிக் கேட்டபடி இன்னும் ஐந்தாண்டு சான் கலிஸ்தோவில் பணி தொடரலாம். அவரது விசுவாசத்தை மெச்சிப் பிரிகேடியர் பதவியும் தருகிறார்களாம். அரசவையில் எல்லாரும் உங்களை மெச்சினார்கள், அண்ணன் பூரித்துப்போயிருக்கிறார்.

தாமே விரும்பிக் கேட்டபடி. கிரிசாந்தோவை அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

கோபத்தில் எழுதியது என்று புரிகிறது. என் வார்த்தை தந்த கோபம் என்பதும் தெரியும். என் பங்கு பாவத்தை நான் சுமக்கிறேன். ஆனால் ஓர்துன்யோ ஒரு வரி எழுதச் சொன்னானே. எழுதத் தெரியாத ஒருவன் சொன்னது உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? உங்களுக்காக நான் வாசலில் நின்றேன். எனக்காக நீங்கள் ஒரு வரி வெட்கப்பட்டிருக்கக் கூடாதா?

சுண்ணாம்பு வாசனை அறையில் இன்னும் போகவில்லை.

மென்சியா


சான் கலிஸ்தோ,
1745 டிசம்பர் 19

மென்சியா,

கப்பல் தெரிந்ததும் மணி அடித்தார்கள். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கோட்டைச் சாவியைத் தட்டில் வைத்துக்கொண்டு, படித்துறைக்கு இறங்கினேன். என் பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது. எனக்குப் பதிலாக வரவேண்டியவரைத் தேடினேன். இறங்கியது ஒரு எழுத்தர்தான், கையில் அரசாணையோடு.

படை முழுக்க வரிசையில் நிற்க, வாசித்தார்கள். வழக்கப்படி தொப்பியைக் கழற்றி, அரசாணையை முத்தமிட்டு, என் மன்னரின் கடிதம் என்று தலைமேல் வைத்தேன். இந்த நாட்டில் எங்களுக்கு ஒரு வழி உண்டு. முடியாத ஆணை வந்தால் 'கீழ்ப்படிகிறேன், ஆனால் நிறைவேற்ற இயலாது' என்று சொல்லி, காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். பெரிய பெரிய அதிகாரிகள் செய்திருக்கிறார்கள். அந்த வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எந்த ஆணையை நான் இயலாது என்று சொல்வது? அதில் இருந்தது மன்னரின் விருப்பம் அல்ல, நான் எழுதிக் கேட்ட என் வரிகள்தான். ஒரு எழுத்து மாறாமல் திரும்பி வந்திருந்தன. வீரர்கள் வாழ்க என்று கத்தினார்கள். சாவித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஓர்துன்யோ மட்டும் கயிறு கட்டிய என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே கப்பலில்தான் உன் கடிதமும் வந்தது.

அன்றே மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அண்ணனுக்கு எழுதி அனுப்பினேன், மூன்று பிரதிகள். அந்த ஒரு வரியை இப்போது எழுதியிருக்கிறேன். பயன் இருக்குமா, தெரியாது. மாற்று ஆள் வராமல் போர்க்காலத்தில் கோட்டையை விட்டுக் கிளம்பினால் ஓடிப்போனவன் என்று தூக்கில் போடுவார்கள். அதையும் நினைத்துப் பார்த்தேன்.

போன வாரம் ஓர்துன்யோ காய்ச்சலில் போய்விட்டான். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்மோனாவுல இருக்குற அம்மாவுக்கு எழுதுங்க ஐயா" என்றான். இப்போது அதே காய்ச்சல் எனக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

திட்டியாவது எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. உனக்குப் பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் இந்த ஒரு தடவை மூன்று பிரதி எழுது. ஒன்றாவது வந்து சேரட்டும்.

ஃபத்ரீகே


கர்மோனா,
1746 மே 6
மூன்றாம் பிரதி

ஃபத்ரீகே,

நீங்கள் கேட்டபடி மூன்று தடவை எழுதுகிறேன். கண் தெரியாததால் பெரிய பெரிய எழுத்தாக வருகிறது.

மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று நீங்கள் எழுதியதை உங்கள் அண்ணன் அரண்மனைக்குக் கொண்டுபோகவில்லை. "கேட்டு வாங்கின கௌரவத்தத் திருப்பிக் குடுத்தான்னு நம்ம வீட்டுக்குப் பேரு வரக் கூடாது" என்று எனக்குப் பதில் எழுதிவிட்டார். மூன்று பிரதியும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கின்றனவாம். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

முதல் இரண்டு பிரதியிலும் மேலே உள்ளதை எழுதிவிட்டு இதையும் எழுதினேன்: மன்னித்துவிட்டேன், ஐந்தாண்டு ஒன்றும் பெரிதில்லை, காய்ச்சலுக்குக் கவனமாக இருங்கள், உங்கள் நாற்காலி ஜன்னலோரம் அப்படியே இருக்கிறது, வாசலில் நிற்கிறேன். இரண்டு தடவையும் நிறுத்தாமல் எழுதினேன்.

மூன்றாவதற்கு உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் பேனா ஓடவில்லை. எனக்கு வராது என்று அன்றைக்கே சொன்னேன்.

நாற்காலி ஜன்னலோரம் இல்லை. இந்த வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு, பிரியாந்தாவோடு எண்ணெய்க்கார வீட்டுக்கே போகிறேன். நாற்காலி முன்னாலேயே வண்டியில் போயிற்று, சம்பந்தி அதில்தான் உட்காருகிறார். அந்த ஒலிவங்காயைப் பாஸ்காப் பண்டிகை விருந்தில் திறந்தோம். கெட்டுப்போகும் என்றார், சரி என்றேன். பதமாகத்தான் இருந்தது. சின்னவன் உங்கள் படத்தைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டான். பிரியாந்தா என் முகத்தைப் பார்த்தாள். கோட்டையில் இருக்கிற ஒருவர் என்றேன். அவன் தாத்தா என்று கூப்பிடுவது வேறு ஒருவரை.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தவரைக்கும் நீங்கள் இந்த வீட்டில் இருந்தீர்கள். அது எப்போது போயிற்று என்று கவனிக்கவில்லை. ஒருநாள் காலையில் வேலைக்காரி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், நான் உள்ளே படுத்துக்கொண்டே துடைப்பச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மற்ற இரண்டில் ஒன்று கிடைத்தால் அதையே நம்புங்கள். அதுவும் என் கையெழுத்துதான். கிரிசாந்தோ நாளை காதிஸ் துறைமுகத்துக்குப் போகிறான். "அத்தை, எத எந்தக் கப்பல்ல போடணும்?" என்று கேட்டான். முதல் பிரதியை இருப்பதிலேயே பெரிய போர்க்கப்பலில் போடு, இரண்டாவதை அதற்கு அடுத்ததில் போடு என்றேன். இதை மட்டும், பார்க்கிறவர்கள் சிரிக்கிற மாதிரி ஒரு பழைய தபால் படகாகத் தேடிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

மென்சியா